குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்: மாற்றும் வேலையும் பார்க்க வேண்டியவையும்

குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வேலை ஒன்றுதான். குளித்து முடித்ததும் அறையில் தங்கி நிற்கும் ஈரக் காற்றை வெளியே தள்ளுவது. அந்த ஈரம் கொஞ்சநஞ்சமல்ல. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஒன்பதடி உயரமுள்ள குளியலறையில் ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று இருக்கும். ஆவி நிறைந்த காற்று 25 டிகிரியில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீரைத் தாங்கும். 18 டிகிரிக்கு ஆறினால் 15 கிராம்தான் தாங்கும். தாங்க முடியாத 8 கிராம் சுவரிலும் கண்ணாடியிலும் மேல்தளத்திலும் படியும். அறை முழுவதற்கும் கணக்கிட்டால் ஒரு குளியலுக்கு 80 மில்லி தண்ணீர். பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் குளிர் 15, 16 டிகிரி வரை இறங்கும். அதனால் வெளிச்சுவரை ஒட்டிய குளியலறைகளில் மேல்மூலைகளில்தான் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் முதலில் பிடிக்கும்.

பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் இந்த வேலைக்கு மூன்று வகை வீடுகள் எதிர்ப்படும். 1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபோது, நெரிசலான பழைய நகரப் பகுதியான பேட்டையை விட்டு வந்த குடும்பங்களால் நிரம்பிய பகுதி இது. அந்தக் காலத்து வீடுகளில் குளியலறை பின்கட்டில் தனியாக இருந்தது. மூலையில் ஹண்டே எனும் பெரிய அண்டாவைப் பதித்து, அடியில் விறகெரித்து வெந்நீர் போட்டார்கள். புகை போக வழி விட்டிருந்ததால் ஈரமும் அதே வழியில் போய்விட்டது. ஃபேனுக்குத் தேவையே எழவில்லை. குளியலறை வீட்டுக்குள் வந்து படுக்கையறையோடு ஒட்டிக்கொண்டபின் கட்டியவை இரண்டாம் வகை. இவற்றில் மேலே கண்ணாடிப் பட்டைகள் சாய்ந்து நிற்கும் லூவர் வென்டிலேட்டர் இருக்கும்; அதில் இரண்டு மூன்று பட்டையை எடுத்துவிட்டு ஃபேனைப் பொருத்தியிருப்பார்கள். பழைய பங்களாக்களை இடித்துக் கட்டிய அடுக்குமாடிகள் மூன்றாம் வகை. இங்கே குளியலறைச் சுவருக்கு அப்பால் வானம் இல்லை, குழாய்கள் ஓடும் டக்ட் இருக்கிறது. ஃபேன் மூன்றிலும் ஒன்றாக இருக்கலாம். கோளாறு ஒன்றாக இருப்பதில்லை.

பழுதான ஃபேனைக் கழற்றிப் புதியதை மாட்டுவது பழகிய கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற காரியம். ஆனாலும் புது ஃபேன் போட்ட பிறகும் ஈரம் போகவில்லை என்று மறுபடி அழைப்பு வருவது இந்தத் தொழிலில் சகஜம். உள்ளே வராத காற்றை எந்த ஃபேனும் வெளியே தள்ளாது. அதனால் தேர்ந்த எலெக்ட்ரீஷியன் ஏணியில் ஏறுவதற்கு முன் கதவடியைப் பார்ப்பார்.

முதலில் செய்ய வேண்டியது, ஃபேன் உண்மையிலேயே காலாவதியாகிவிட்டதா என்று தீர்மானிப்பது. மெயினை அணைத்துவிட்டு இறக்கையை விரலால் சுழற்றினால் பாதி விடை கிடைத்துவிடும். லேசாகச் சுற்றி, மெதுவாக அடங்கி நின்றால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் நன்றாக இருக்கிறது. ஒரு சுற்றிலேயே நின்றால் அது இறுகியிருக்கிறது. அடுத்து இறக்கையின் நடுக்குமிழைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் கைக்குத் தெரியும்படி ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. ஓடும்போது எழும் கரகர ஓசைக்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஆட்டம்தான்.

சிறிய ஃபேன்களில் உள்ள புஷ், வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது. அதன் நுண்துளைகளுக்குள் எண்ணெய் ஊறியிருக்கும். சுற்றிலும் எண்ணெயில் நனைத்த கம்பளி வளையம் ஒன்று இருக்கும். ஷாஃப்ட் சூடாகும்போது எண்ணெய் கசிந்து வந்து மசகாகும், ஆறும்போது திரும்ப உறிஞ்சப்படும். குளியலறையில் இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது பஞ்சும் முடியும் பவுடரும். துண்டை உதறும்போது பறக்கும் நூல்தூசி ஈரக் காற்றோடு போய் ஷாஃப்டின் வாயில் ஒட்டி, எண்ணெயோடு சேர்ந்து கரிய பசையாகிறது. பிரித்துப் பார்த்தால் கம்பளி வளையம் கருத்துக் கட்டைபோல் காய்ந்திருக்கும். வட்டமாக இருக்க வேண்டிய துளை ஒருபக்கம் நீண்டு முட்டை வடிவமாகியிருக்கும். இந்த நிலையில் மேலே எண்ணெய் விட்டால் சில நாள் சத்தம் அடங்கும். தேய்ந்த துளை வட்டமாகிவிடாது. சமையல் எண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடுவது இன்னும் மோசம், காய்ந்து பிசினாகிவிடும்.

இறக்கை கையில் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்விட்ச் போட்டால் ‘உம்ம்’ என்று முனகிக்கொண்டு நிற்கிறது, லேசாகத் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்குகிறது என்றால் கண்டென்சர் போயிருக்கிறது. மீட்டரில் அளந்தால் மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவுக்கு வெகு கீழே காட்டும். அதே அளவில் புதியது மாற்றினால் போதும். மிகச் சிறிய, மலிவான ஃபேன்கள் சிலவற்றில் கண்டென்சரே கிடையாது. மோட்டார் முனையில் தடித்த செம்பு வளையம் மாட்டிய வகை அது. அத்தகைய ஃபேன் முனகினால் புஷ்ஷைத்தான் சந்தேகிக்க வேண்டும். கருகிய வாடை வந்தாலோ, மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தாலோ காயில் கெட்டுவிட்டது அல்லது ஈரம் இறங்கியிருக்கிறது. கனமான இரும்புச் சட்ட ஃபேனுக்கு ரீவைண்டிங் கட்டுப்படியாகும். ஆறங்குல பிளாஸ்டிக் ஃபேனுக்குக் காயில் கட்டுவதைவிடப் புதியதே வாங்கிவிடலாம்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியதில் முதலாவது மின்சாரம். ஸ்விட்சை அணைத்ததால் மட்டும் வயரில் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய வீடுகளில் ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலை ஸ்விட்சில் கொடுத்திருப்பது உண்டு. அணைத்தாலும் ஃபேன்வரை 230 வோல்ட் வந்து நிற்கும். பெங்களூரில் இன்னொரு பொறி இன்வெர்ட்டர். பவர்கட்டுக்காகப் பல வீடுகளில் லைட், ஃபேன் லைன் யுபிஎஸ்ஸில் சேர்ந்திருக்கும். மெயினை இறக்கியதும் பவர்கட் என்று நினைத்து அந்த யுபிஎஸ் தானாகவே கரண்ட் கொடுக்கத் தொடங்கும். ஆகவே எம்சிபியையோ ஃபியூஸ் கட்டையையோ எடுத்தபின் இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். பிறகு இரண்டு வயரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். நியான் டெஸ்டர் எரியாததை மட்டும் நம்பாமல் மீட்டரை வைத்து ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பார்ப்பதே முறை.

பழைய வீடுகளில் மரப்பட்டைமேல் ஓடும் பேட்டன் வயரிங் இன்னும் சில இடங்களில் மிஞ்சியிருக்கிறது. அதன் ரப்பர் உறை வளைத்தாலே பொடிந்து உதிரும். அந்த முனையில் புது ஃபேனை இணைத்து டேப் சுற்றிவிட்டு வருவது ஆபத்து. நல்ல உறை இருக்கும் இடம்வரை பின்னோக்கிப் போய், அங்கிருந்து புது வயர் இழுக்க வேண்டும். எர்த் வயரே இல்லாத பாயின்டில் இரும்புச் சட்ட ஃபேனை மாட்டுவதும் கூடாது. எர்த் இழுக்க வழியில்லாதபோது, இரட்டை இன்சுலேஷன் குறியுள்ள பிளாஸ்டிக் உடல் ஃபேன்தான் பாதுகாப்பு. எந்த வீடானாலும் குளியலறை லைன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்குப் பின்னால் வர வேண்டும்.

இரண்டாவது கவனம் புறா. ஃபேன் ஓடாமல் சில வாரம் கிடந்தாலே ஷட்டருக்கும் இறக்கைக்கும் நடுவில் குச்சி சேர்த்துக் கூடு கட்டிவிடும். காய்ந்த எச்சத்தை அப்படியே சுரண்டினால் பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகமூடி அணிந்து, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகுதான் அள்ள வேண்டும். முட்டையோ குஞ்சோ இருந்தால் பல வீடுகளில் அது பறந்து போகும்வரை வேலையைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். எலெக்ட்ரீஷியனும் தேதியை மாற்றிக்கொள்வார்.

அளவெடுப்பதில் பலர் சறுக்குவார்கள். ‘ஆறங்குல ஃபேன்’ என்றால் இறக்கையின் விட்டம் 150 மில்லிமீட்டர் என்றே பொருள். சுவரில் வேண்டிய துளை அதைவிடப் பெரியது. வெளிச்சட்டம் இன்னும் பெரியது. ஒரே ஆறங்குலத்தில் ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் துளையளவு வேறுபடும். எனவே பழைய ஃபேனின் பெயரைச் சொல்லி வாங்காமல் துளையின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போய், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். ஆழத்தையும் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. பழைய செங்கல் சுவரில் ஃபேனின் கழுத்து உள்ளேயே நின்றுவிடும். நாலங்குல சாலிட் பிளாக் சுவரில் மோட்டார் வெளியே நீட்டி மழையில் நனையும். எட்டாவது கிராஸ், சம்பிகே ரோடு பக்கத்துக் கடைகளில் வழக்கமான அளவுகள் கிடைக்கும். விட்டுப்போன பழைய அளவுக்கும் உதிரி பாகத்துக்கும் எஸ்.பி. ரோடு, பி.வி.கே. ஐயங்கார் ரோடுவரை போக வேண்டியிருக்கும்.

எவ்வளவு இழுக்கும் ஃபேன் வேண்டும் என்பது சுலபமான கணக்கு. இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு குளியலறைக்கு மணிக்கு 6 முதல் 10 முறை காற்று மாற வேண்டும் என்கிறது. 10 கன மீட்டர் அறைக்கு அதிகபட்சம் மணிக்கு 100 கன மீட்டர். ஆறங்குல ஃபேன்களின் பெட்டியில் இதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் போட்டிருப்பார்கள். ஆனால் அது எதிரே எந்தத் தடையும் இல்லாமல் அளந்த எண். ஷட்டர், வலை, டக்ட், இறுக்கமான கதவு எல்லாம் சேரும்போது நடைமுறையில் வெகுவாகக் குறையும். மணிக்கு 150 கன மீட்டர் கிடைத்தால் இத்தகைய அறைக்குத் தாராளம். அதனால் சாதாரணக் குளியலறைக்கு ஆறங்குலம் போதும், பெரியதற்கு எட்டங்குலம். சமையலறைக்கு உரிய ஒன்பது, பன்னிரண்டு அங்குல இரும்பு ஃபேனைக் குளியலறையில் போட்டால் இரைச்சலும் துருவும்தான் மிச்சம். விலை கொஞ்சம் கூடினாலும் பால் பேரிங் உள்ளதை எடுப்பது நல்லது. சாய்த்து மாட்டினாலும் ஈரத்தில் ஓடினாலும் புஷ்ஷைவிட நாள்பட உழைக்கும்.

பொருத்தும் முறை சுவரைப் பொறுத்தது. பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஹேமர் டிரில் வைத்தால் துளை வாய் பிளந்து ரா பிளக் நிற்காது. அடி இல்லாமல் சுழல விட்டு, சின்ன பிட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். அப்படியும் நிற்கவில்லையென்றால் நான்கு மூலையிலும் மரக்கட்டை வைத்துச் சிமெண்ட் பூசி, அது இறுகியபின் ஸ்க்ரூ போட வேண்டும். கான்கிரீட் பிளாக் சுவரில் இந்தத் தொல்லை இல்லை. எந்தச் சுவரானாலும் ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண இரும்பு ஸ்க்ரூ அடுத்த முறை கழற்றும்போது தலை உடைந்து சுவரிலேயே தங்கிவிடும்.

ஃபேன் அமரும் கழுத்து வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்க வேண்டும். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாலை வேளையில் காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை, சரிவு உள்பக்கம் இருந்தால் நேரே மோட்டாருக்குள் வழியும். சட்டத்தைச் சுற்றி சிலிகான் வைக்கும்போது வெளிப்பக்கத்தின் அடியோரத்தில் சிறு இடைவெளி விட்டால், தப்பி நுழைந்த நீர் வடிந்துவிடும். ஷட்டர் இதழ்கள் ஃபேன் ஓடும்போது தாமாகத் திறந்து, நின்றதும் தாமாக விழ வேண்டும். சட்டத்தை ஸ்க்ரூவால் கோணலாக இறுக்கினாலே ஓர் இதழ் சிக்கிக்கொள்ளும். எனவே நான்கு ஸ்க்ரூவையும் முதலில் தளர்வாகப் போட்டு, பிறகு குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்குவார்கள்.

இணைப்பு கொடுத்ததும் காற்றின் திசையைப் பார்க்க வேண்டும். கண்டென்சர் மோட்டாரில் காயில் முனை மாறினால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றி வெளிக்காற்றை உள்ளே தள்ளும். இறக்கையைத் தலைகீழாக மாட்டுவது வேறு வகைத் தவறு. அதனால் திசை மாறாது, காற்று குறைந்து இரைச்சல் கூடும். ‘ஃபேன் ஓடுது, ஆனா இழுக்கல’ என்னும் புகார்களில் சில இப்படி முளைத்தவை. ஸ்விட்சும் லைட்டோடு சேராமல் தனியாக இருக்க வேண்டும். சேர்ந்திருந்தால், குளித்துவிட்டு வெளியே வருபவர் லைட்டை அணைத்ததும் ஃபேனும் நின்றுவிடும். அது ஓட வேண்டிய நேரமே அதற்குப் பிறகுதான்.

இனி காற்று உள்ளே வரும் வழி. லூவர் வென்டிலேட்டர் வீடுகளில் நடக்கும் கதை பெரும்பாலும் ஒன்றேதான். “போன வருஷம்தாம்ப்பா புதுசு போட்டோம். நல்லாத்தான் ஓடுது, சுவரு மட்டும் காயவே மாட்டேங்குது” என்பார் வீட்டுக்கார அம்மா. “ஒரு ஊதுவத்தி இருந்தா குடுங்கம்மா” என்று எலெக்ட்ரீஷியன் கேட்பார். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, பற்றவைத்த வத்தியைக் கதவடியில் காட்டினால் புகை நூல் பிடித்தாற்போல் நேராக மேலே எழும். அங்கிருந்து காற்று வரவேயில்லை. அதே வத்தியை வென்டிலேட்டரில் மிஞ்சியுள்ள கண்ணாடிப் பட்டைகளுக்கு அருகே கொண்டுபோனால் புகை உள்நோக்கிச் சீறி, வளைந்து, பக்கத்திலுள்ள ஃபேனுக்குள் போய்விடும். வெளிக்காற்றுதான் ஒரு கண்ணாடி இடுக்கில் நுழைந்து அடுத்த துளையில் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அறையின் ஈரம் அசையாமல் நிற்கிறது. அந்தப் பட்டைகளை ஒரு அக்ரிலிக் தகட்டால் மூடியதும் கதவடியில் காட்டிய புகை உள்ளே சாயத் தொடங்கும். புது ஃபேன் தேவைப்படாமலே தீரும் புகார் இது.

கதவடி இடைவெளிக்கும் கணக்கு உண்டு. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 177 சதுர சென்டிமீட்டர். 75 சென்டிமீட்டர் அகலக் கதவின் அடியில் அதற்கு ஈடாக வழி வேண்டுமானால் இடைவெளி ஏறத்தாழ இரண்டேகால் சென்டிமீட்டர் இருக்க வேண்டும். புதிய பிளாட்டுகளில் தண்ணீர் வராமலிருக்க வாசற்படி உயர்த்தி, கதவைத் தரையோடு உரசும்படி போட்டிருப்பார்கள். அரை சென்டிமீட்டர் இடுக்கில் ஐந்தில் ஒரு பங்கு வழிதான் கிடைக்கும். கதவின் கீழ்ப்பகுதியில் துளைத்தட்டு பொருத்துவதே தீர்வு. ஃபேன் இருக்கும் சுவருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வந்தால் அறை முழுவதையும் துடைத்துக்கொண்டு போகும்.

டக்டை நோக்கித் திறக்கும் ஃபேன்களில் சிக்கல் வேறு. ஒரே டக்டில் பல வீட்டு ஃபேன்கள் காற்றைக் கொட்டும். கீழ்வீட்டு ஃபேன் ஓடி, மேல்வீட்டு ஃபேன் நின்றிருந்தால், ஷட்டர் சரியாக மூடாத வீட்டுக்குள் அந்த ஈரமும் வாடையும் ஏறிவிடும். ஆகவே இங்கே ஷட்டர் கட்டாயம். மொட்டைமாடியில் டக்டின் வாயை மழைக்காகத் தகரம் போட்டு முழுக்க அடைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் எத்தனை ஃபேன் மாற்றியும் பயனில்லை.

கேஸ் கீசர் உள்ள வீட்டில் இந்த வேலை உயிர் சம்பந்தப்பட்டது. மூடிய குளியலறைக்குள் கேஸ் எரிந்தால் ஆக்ஸிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெங்களூரில் இப்படி இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. காற்று நுழைய வழியில்லாத அறையில் ஃபேன் உறிஞ்சும்போது, கீசரின் புகைபோக்கி வழியே வெளியேற வேண்டிய வாயு திரும்ப அறைக்குள் இழுக்கப்படலாம். கேஸ் கீசரைக் காற்றோட்டமுள்ள யுடிலிட்டியிலோ பால்கனியிலோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் குளியலறைக்குள் கொண்டுவருவதே சரி. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கும் வீட்டில் அதை இடம் மாற்றச் சொல்லாமல் ஃபேனை மட்டும் மாற்றிக்கொடுப்பது முறையான வேலை ஆகாது.

வேலை முடிந்ததும் எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்ல வேண்டும். 10 கன மீட்டர் அறையில் மணிக்கு 150 கன மீட்டர் இழுக்கும் ஃபேன் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அறையளவு காற்றை வெளியேற்றும். புதுக்காற்றும் பழையதும் கலந்துகொண்டே இருப்பதால் ஒரு சுற்றில் பழைய காற்றில் 63 சதவீதம்தான் போகும். மூன்று சுற்றில் 95 சதவீதம் போய்விடும். அதாவது குளித்தபின் 12 முதல் 15 நிமிடம். தரையை வைப்பரால் தள்ளிவிட்டால் இந்த நேரம் போதும். தண்ணீர் தேங்கியிருந்தால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். 30 வாட் ஃபேன் தினமும் அரை மணி ஓடினாலும் மாதத்துக்கு அரை யூனிட்கூட ஆகாது. கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைக்க வேண்டியதில்லை. மறந்துபோகும் வீடுகளுக்கு டைமர் ஸ்விட்ச் உதவும்.

பராமரிப்பு அதிகமில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, இறக்கையையும் ஷட்டரையும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். மோட்டார்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு இறக்கையில் மட்டும் அழுக்கு தடித்திருந்தால் சமநிலை கெட்டு, அதிர்வு நேரே புஷ்ஷைத் தேய்க்கும். சுத்தமாக இருந்தும் வேகம் குறைந்தால் கண்டென்சரையும், வேகம் சரியாக இருந்தும் சுவர் காயாவிட்டால் கதவடியையும், கரகர ஓசை தொடங்கினால் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். முதலிரண்டையும் சரிசெய்துவிடலாம், புஷ் தேய்ந்த சின்ன ஃபேனை மாற்றுவதே லாபம்.